வருகிறதாம் மலிவு விலைப் போன்!

வருகிறதாம்! ஆயுத பூசைக்கு வருகிறதாம். தவறினால் தீபாவளிக்குக் கட்டாயம் வந்துவிடுமாம்! மூன்று கண் வைத்த போனாம்! ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் இரண்டு நாள் தாங்குமாம்! விலையோ இப்போதிருப்பதில் பாதியாம்!

சத்தியமங்கலம் பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடைகளில், பண்டிகைக் காலம் நெருங்கும்போதெல்லாம் இந்தப் பேச்சு எழும். பூ மார்க்கெட்டில் ஏலம் முடிந்து வந்தவர் சொல்வார். கரும்பு லோடு ஏற்றிவிட்டு வந்தவர் காது கொடுப்பார். புளியம்பட்டிப் பக்கத்து நூல் மில்லில் இரவு ஷிப்டு முடித்து வந்த இளைஞர், வீடியோவிலே கண்ணாலேயே பார்த்ததாகச் சத்தியம் செய்வார். சொற்களைக் கவனியுங்கள், தோழர்களே! வருகிறதாம், தாங்குமாம், பாதியாம். தமிழிலே இந்த ‘ஆம்’ நேர்மையான சொல். நான் கண்டதல்ல, பிறர் சொல்லக் கேட்டது என்று பேசுகிறவரே ஒப்புக்கொள்ளும் அடையாளம் அது. தேநீர்க் கடையிலே இருக்கும் அந்த நேர்மை கொட்டை எழுத்து விளம்பரத்திலே இல்லை. அங்கே ‘ஆம்’ உதிர்ந்துவிடுகிறது. ‘வருகிறது’ என்றே அச்சாகிறது.

ஆசைப்படுவோரை எள்ளி நகையாட நாம் இதை எழுதவில்லை. கூலிக்காரனுக்கு எதற்கய்யா டச் போன், பட்டன் போன் போதாதா என்று சாய்வு நாற்காலியிலே சாய்ந்துகொண்டு உபதேசம் புரிவோர் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: நூறு நாள் வேலைக்குச் சென்ற நம் தாய்மார்களுக்கு வருகைப் பதிவு எதிலே நடந்தது? நோட்டுப் புத்தகத்திலா? 2023 சனவரி 1 முதல் எல்லாப் பணியிடங்களிலும் செல்போன் செயலியிலே படம் பிடித்து ஏற்ற வேண்டும் என்று டில்லி கட்டளையிட்டது. படம் ஏறவில்லையா? கூலிக்குத் தகராறு! அந்தப் போன் யாருடையது? டில்லி வாங்கிக் கொடுத்ததா? பல ஊர்களில், வேலையை மேற்பார்த்த பெண்மணி தன் சொந்தக் காசில் வாங்கிய போன்!

மல்லிகைக்குக் காலையில் ஒரு விலை, வெயில் ஏறினால் ஒரு விலை. மொட்டுப் பறிக்கும்போதே தோட்டக்காரர் போனிலே விலை கேட்கிறார். தள்ளுவண்டிக்காரர் காசு வாங்குவதும் போனிலே. பேங்க் அனுப்பும் இரகசிய எண் வருவதும் போனிலே. மண்வெட்டி கருவி, களைக்கொத்து கருவி, இதுவும் கருவி. கருவி மலிவாய்க் கிடைக்காதா என்று உழைப்பவன் ஏங்கினால் குற்றமா? ஏக்கத்திலே குற்றமில்லை. ஏக்கத்தையே முதலாக்கி வாணிபம் நடத்துகிறார்களே, அங்கே இருக்கிறது குற்றம். 2021ஆம் ஆண்டில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம்மவர் பலர் மறந்துவிட்டார்கள்.

2020 மார்ச்சிலே கொரோனா வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. வகுப்பறை போனுக்குள் குடியேறிற்று. வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைக்குத் தனி அறை, தனிப் போன். கூலிக்காரர் வீட்டிலோ இருந்தால் ஒரு போன்; அதுவும் தகப்பனாரோடு விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடும். அது திரும்பி வருவதற்குள் வகுப்பு முடிந்து வாத்தியாரும் உறங்கியிருப்பார். கல்வித் தொலைக்காட்சி இருந்தது, மறுக்கவில்லை. எத்தனையோ வீடுகளில் அது கைகொடுத்தது. ஆனால் தொலைக்காட்சி பாடம் சொல்லுமே தவிர, பிள்ளை கேட்கும் ஐயத்துக்கு விடை சொல்லுமா? வாட்ஸ்அப்பில் வந்த வீட்டுப் பாடத்தைக் காட்டுமா? கடம்பூர் மலையிலும் தாளவாடிப் பக்கத்துச் சிற்றூர்களிலும் இன்னொரு கொடுமை. போன் இருந்த வீட்டிலும் சிக்னல் இல்லை. புத்தகத்தோடு மேடு தேடி ஏறினார்கள் பிள்ளைகள்.

இந்த வேளையிலேதான் 2021 சூன் 24 அன்று, ரிலையன்ஸ் நிறுவனத்தின் பங்குதாரர் ஆண்டுக் கூட்டத்திலே முகேஷ் அம்பானி முழங்கினார்: ஜியோபோன் நெக்ஸ்ட் வருகிறது! கூகுளும் நாங்களும் கூடிச் செய்வது! இந்தியாவில் மட்டுமல்ல, உலகத்திலேயே மலிவான ஸ்மார்ட்போன்! செப்டம்பர் 10, பிள்ளையார் சதுர்த்தி முதல் கிடைக்கும்! மதுரையில் பிறந்து கூகுளுக்குத் தலைவராகிவிட்ட சுந்தர் பிச்சையும் திரையிலே தோன்றிப் பேசினார். நம்மூர்ப் பிள்ளை என்று மகிழ்ந்தவர்கள் உண்டு, மகிழட்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான் 33,737 கோடி ரூபாய் கொடுத்து ஜியோவிலே 7.7 விழுக்காடு பங்கினை கூகுள் வாங்கியிருந்தது என்பதையும் கூடவே நினைவில் வைக்கட்டும்.

தேதி சொன்னார்கள். விலை சொன்னார்களா? சொல்லவில்லை! இங்கேதான் சூட்சுமம். சொல்லாமல் விட்ட இடத்தை வதந்தி வந்து நிரப்பிற்று. ஐம்பது டாலருக்கும் கீழே என்றது ஒரு செய்தி. 3,499 ரூபாய்தான் என்று அடித்துச் சொன்னது இன்னொரு செய்தி. சென்னை ஏட்டிலே வந்த ஊகம் ஈரோட்டுக்கு வரும்போது தகவலாயிற்று. சத்திக்கு வந்து சேரும்போது சத்தியமே ஆகிவிட்டது! வணிகருக்கு இதை மறுக்க என்ன அவசரம்? தம்பிடிச் செலவில்லாத விளம்பரமல்லவா?

அந்நாள்களில் நம் பக்கத்துச் செல்போன் கடைகளில் நடந்த பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

“ஏனுங்ணா, அந்த மூவாயிரத்தஞ்சூறு ரூவா போனு வந்துருச்சுங்களா?”

“இன்னும் வரலீங்க. சதுர்த்திக்கு வருதுங்கறாங்க. கொஞ்சம் பொறுத்து வாங்கிக்குங்க.”

பொறுத்தார்கள். கையிலிருந்த காசுக்குப் பழைய போன் கிடைக்குமென்றாலும், புதியதே வரப்போகும்போது பழையது எதற்கென்று பொறுத்தார்கள். பிள்ளையும் பொறுத்தது. அதன் பாடமும் பொறுத்தது.

சதுர்த்தி வந்தது. பிள்ளையார் வந்தார், போன் வரவில்லை! சோதனை நடந்துகொண்டிருக்கிறது, உலகமெங்கும் சில்லுத் தட்டுப்பாடு, தீபாவளியை ஒட்டி வரும் என்று அறிக்கை ஒன்று வந்தது. தட்டுப்பாடு பொய்யல்ல. அந்த ஆண்டு சில்லு கிடைக்காமல் கார் தொழிற்சாலைகளே உற்பத்தியைக் குறைத்தன. ஆனால் நாம் கேட்பது இது: செப்டம்பரிலே இருந்த தட்டுப்பாடு சூன் மாதத்திலே இல்லையா? நாள் குறித்தபோது தெரியாத தட்டுப்பாடு, நாள் வந்தபோதுதான் தெரிந்ததா?

இதற்கிடையே செப்டம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் திறக்கப்பட்டன. அக்டோபர் 27 அன்று ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டம் தொடங்கிற்று; தன்னார்வலர்கள் தெருவுக்கே வந்து பாடம் சொல்ல முன்வந்தார்கள். நவம்பர் 1 அன்று ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளும், பத்தொன்பது மாதத்துக்குப் பிறகு, பை தூக்கிப் பள்ளிக்குப் போனார்கள். நவம்பர் 4, தீபாவளி. அன்றுதான் வந்தது ஜியோபோன் நெக்ஸ்ட்! ஆன்லைன் வகுப்புக்கென்று எந்தப் பிள்ளைக்காகத் தகப்பன் காத்துக் கிடந்தானோ, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போய் மூன்று நாள் கழித்து!

விலை? 3,499 அல்ல. 6,499!

கூலிக் கணக்கிலே பார்ப்போம்; நமக்குத் தெரிந்த கணக்கு அதுதானே. 2021–22இல் தமிழ்நாட்டுக்கு நூறு நாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 273 ரூபாய். வதந்தி சொன்ன போன் பதின்மூன்று நாள் கூலி. கடைக்கு வந்த போன் இருபத்துநான்கு நாள் கூலி. இந்தப் பதினொரு நாளை யார் உழைத்துக் கொடுப்பது?

கவலைப்படாதீர், தவணை உண்டு என்றார்கள். முன்பணம் 1,999 ரூபாய். நடைமுறைக் கட்டணம் என்று 501 ரூபாய். பிறகு மாதம் 300 வீதம் 24 மாதம். கூட்டிப் பாருங்கள்: 9,700 ரூபாய்! அதிலே மாதத்துக்கு 5 ஜிபி டேட்டாவும் நூறு நிமிடப் பேச்சும் அடக்கம். நியாயத்துக்கு அதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் வீடியோவிலே பாடம் பார்க்கிற பிள்ளைக்கு மாதம் 5 ஜிபி எம்மாத்திரம்? யானைப் பசிக்குச் சோளப்பொரி! நாளுக்கு ஒன்றரை ஜிபி வேண்டுமென்றால் மாதம் 500 வீதம் 18 மாதம் கட்ட வேண்டும். முன்பணமும் கட்டணமும் சேர்த்து 11,500. வட்டி என்ற சொல் விளம்பரத்தின் முகப்பிலே இல்லை. 1,999 என்ற எண் இருந்தது, மிகப் பெரிதாக!

அந்தப் போனையே குப்பை என்று தள்ள நாம் தயாரில்லை. திரையில் உள்ள எழுத்தைத் தமிழிலே வாய்விட்டுப் படித்துக் காட்டும் வசதி அதிலே இருந்தது. எழுத்தறியாத தாய்க்கு அது பெரிய உதவி. பாராட்டுவோம். அதன் இயங்குதளத்துக்கு மட்டும் ‘பிரகதி’ என்று பெயர் சூட்டினார்கள். முன்னேற்றம் என்ற பொருளாம். முன்னேறுவதற்குக்கூட வடமொழிப் பெயர்தான் கிடைத்தது!

நம் மக்களை இப்படிக் காத்திருக்கப் பழக்கியது அந்த ஒரு போன் மட்டுமல்ல. 2016 பிப்ரவரியிலே நொய்டாவிலிருந்து ஒரு கம்பெனி புறப்பட்டது. பெயர் ரிங்கிங் பெல்ஸ். 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று ஏடுகளின் முதல் பக்கத்தை நிரப்பிற்று. பதிவு தொடங்கிய நாளிலேயே அதன் இணையதளம் திணறி நின்றது. கோடிக்கணக்கானோர் பெயர் பதிந்ததாக அக்கம்பெனியே சொல்லிக்கொண்டது. அறிமுக விழாவிலே பாரதிய சனதாவின் மூத்த தலைவர் முரளி மனோகர் ஜோஷி மேடையேறினார். அங்கே காட்டிய மாதிரிப் போனிலே வேறு கம்பெனியின் பெயர் வெள்ளை மையால் பூசி மறைக்கப்பட்டிருந்தது. சுரண்டிப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள்! பதிவு செய்தோரில் பெரும்பாலோர் போனைக் காணவே இல்லை. ஓராண்டு கழித்து அக்கம்பெனியின் தலைவர் மோசடிப் புகாரிலே கைதானார்.

2017 சூலையில் ஜியோபோன். விலை பூச்சியம் என்றார்கள், மண்டபம் கைதட்டிற்று. 1,500 ரூபாய் வைப்புத்தொகை, மூன்றாண்டு கழித்துத் திருப்பித் தருவோம் என்றார்கள். பதிவெல்லாம் முடிந்து போன் கைக்கு வரும் வேளையிலேதான் நிபந்தனைச் சீட்டு வெளிவந்தது: ஆண்டுக்குக் குறைந்தது 1,500 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும்! மூன்றாண்டுக்கு 4,500. பூச்சியத்துக்குப் பக்கத்திலே எத்தனை எண்கள் ஒளிந்திருந்தன, பார்த்தீர்களா?

வணிகன் இலாபம் பார்ப்பான். அது அவன் தொழில். டில்லி என்ன செய்தது? அதைக் கேட்க வேண்டாமா?

2020 மார்ச் 14. ஜி.எஸ்.டி. மன்றம் கூடிற்று. செல்போன் வரியை 12 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்த்த முடிவாயிற்று. உதிரிப் பாகத்துக்கு 18, முழுப் போனுக்கு 12 என்று இருப்பது பொருந்தவில்லை, அதைச் சரிசெய்கிறோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். சரிசெய்ய வழி ஒன்றுதானா? மேலே இருப்பதைக் கீழே இறக்கினாலும் சரியாகுமே! உயர்வு நடைமுறைக்கு வந்த நாள் ஏப்ரல் 1. அதற்கு ஒரு வாரம் முன்புதான், மார்ச் 25 அன்று, நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியிருந்தது. பள்ளி பூட்டிக் கிடந்தது, வேலை நின்றுபோயிருந்தது, பாடம் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வாரத்திலே போனுக்கு வரி உயர்வு! முன்கூட்டியே எடுத்த முடிவு என்பார்கள். தள்ளிவைக்கக்கூடாதென்று கையைப் பிடித்தவர் யார்? வரி கட்டக் கெடுவை நீட்டினார்களே, கணக்குக் காட்டக் கெடுவை நீட்டினார்களே, இதை மட்டும் நீட்ட முடியாமற் போயிற்றா?

ஜியோபோன் நெக்ஸ்ட் விலையாகிய 6,499 ரூபாயிலே இந்த 18 விழுக்காட்டின் பங்கு 991 ரூபாய். மூன்றரை நாள் கூலிக்கும் அதிகம். வதந்தி பேசிய நம்மவர்கள் கேமரா எத்தனை என்று பேசினார்கள். திரை எத்தனை அங்குலம் என்று பேசினார்கள். அந்த மூன்றரை நாளைப் பேசினோமா?

2025இல் அது மறுபடியும் நடந்தது. ஆகஸ்டு 15 அன்று செங்கோட்டையிலிருந்து பிரதமர் தீபாவளிப் பரிசு என்றார். வரி குறையும் என்றார். உடனே கிளம்பிற்று பேச்சு: போன் விலை குறையுமாம்! பண்டிகை வரை வாங்காதீர்கள்! போன் தயாரிப்பாளர் சங்கமே 5 விழுக்காடாக்குங்கள் என்று கேட்டது. செப்டம்பர் 3 அன்று மன்றம் கூடிற்று. ஏ.சி. இயந்திரத்துக்கு 28லிருந்து 18 ஆயிற்று. பெரிய திரை டி.வி.க்கும் அப்படியே. செல்போன்? அதே 18! குளிர்ந்த அறைக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி, கூலிக்காரன் கைக்கருவிக்குத் தம்பிடி தள்ளுபடியில்லை! இன்று பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு போன் வாங்கினால் 1,525 ரூபாய் வரியாகப் போகிறது.

இதே செப்டம்பரில் ஐபோன் 17 கடைக்கு வந்தது. 82,900 ரூபாயிலிருந்து விலை. மும்பைக் கடை வாசலிலே வரிசையில் நின்றவர்கள் கைகலப்பிலே இறங்கினார்கள் என்று செய்தி. 2025–26இல் நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். அந்தப் போன் 247 நாள் கூலி! அதற்கும் 18 விழுக்காடுதான், ஏழாயிரம் ரூபாய்ப் போனுக்கும் 18 விழுக்காடுதான்.

அந்த ஐபோன்கள் எங்கே உருவாகின்றன? நம் திருப்பெரும்புதூரிலே, பாக்ஸ்கான் ஆலையிலே. ஊர் ஊராகப் பேருந்தேறிப் போன நம் பெண்பிள்ளைகளின் விரல்கள் பூட்டுகின்றன. அடுத்த ஐபோன் எப்படி இருக்குமென்று ஆண்டு முழுவதும் ஊகம் எழுதுவோர் உலகமெங்கும் உண்டு. அதுவே பலருக்குப் பிழைப்பு. மடிக்கலாமா, விளிம்பு மெலிந்ததா, பொத்தான் இடம் மாறிற்றா என்று பக்கம் பக்கமாகத் தீட்டுகிறார்கள். 2021 டிசம்பரிலே அந்தப் பெண்கள் விடுதிச் சாப்பாட்டினால் நோயுற்று, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலே இரவு முழுதும் அமர்ந்தார்களே, அதுவரை விடுதியைப் பற்றி ஒரு வரி ஊகமாவது வந்ததுண்டா? மறியலுக்குப் பிறகுதான் ஆலை மூடியது. ஆப்பிள் நிறுவனம் கண்காணிப்பு விதித்தது. அறையும் உணவும் பேச்சாயின.

புதுப் போன் வருகிறதென்றால் அவர்களுக்கு அதன் பொருள் வேறு. கூடுதல் ஆள் எடுப்பார்கள், கூடுதல் நேரம் வேலை இருக்கும். விற்காவிட்டால்? அதையும் பார்த்த ஊர்தான் திருப்பெரும்புதூர். 2006இல் அங்கே நோக்கியா போன் செய்யத் தொடங்கியது. ஆயிரமாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். வரித் தகராறு வந்தது, கம்பெனி கை மாறிற்று, சென்னை ஆலையை மட்டும் புது முதலாளி எடுத்துக்கொள்ளவில்லை. 2014 நவம்பரிலே கதவைச் சாத்தினார்கள்.

இப்போது மீண்டும் விலைப் பேச்சு. 2025 கடைசியிலிருந்து போனுக்கு வேண்டிய நினைவகச் சில்லின் விலை ஏறிற்று. செயற்கை நுண்ணறிவுக்காக எழும்பும் பெருங்கணினிக் கூடங்கள் அவற்றை வாரிக்கொள்கின்றன. மலிவுப் போனிலேதான் இந்த அடி பலமாக விழும். அதிலே இலாபம் மெலிது, தாங்கிக்கொள்ள இடமில்லை. ஆகவே, பாதி விலைக்கு வருகிறதாம் என்று யாரேனும் சொன்னால், தேதியைக் கேட்பதற்கு முன்னே கேளுங்கள்: விலையை எழுத்திலே சொன்னார்களா? தவணை முழுதும் கூட்டினால் எவ்வளவு? பிள்ளைக்கு இப்போதே வேண்டியதென்றால், பண்டிகைக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளையின் கணக்கிலே பற்று எழுதப்படுகிறது.

பத்தாயிரம் ரூபாய்க்குட்பட்ட போனுக்கு 5 விழுக்காடு வரி என்று கேட்போம். கருவிக்கு வரி குறை என்று கேட்பதிலே வெட்கமில்லை. கிளைக் கூட்டங்களிலே இதைப் பேசுங்கள். நாடாளுமன்றம் செல்வோரிடம் எழுதிக் கொடுங்கள்.

மலைப்பக்கத்துத் தோழர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. சிக்னல் எட்டாத 24,680 கிராமங்களுக்கு பி.எஸ்.என்.எல். மூலம் 4ஜி கொடுப்பதாக 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 சூலையில் டில்லி ஒப்புதல் கொடுத்தது. அந்தப் பட்டியலிலே நம் கடம்பூர் மலை ஊர்கள் எத்தனை, தாளவாடிப் பக்கத்து ஊர்கள் எத்தனை, கோபுரம் எழும்பியவை எத்தனை, எழும்பியும் உயிரில்லாமல் நிற்பவை எத்தனை? சிற்றூர் சிற்றூராகப் போய்ப் பாருங்கள். எந்த ஊரில் வீட்டுக்குள்ளேயே மணி அடிக்கிறது, எந்த ஊரில் பாறைமேல் ஏறினால்தான் அடிக்கிறது என்று ஊர்ப் பெயரோடு எழுதி, அடுத்த கூட்டத்துக்குள் கொண்டு வாருங்கள்.